குழந்தைங்களுக்கு வர்ற கல்லீரல் கேன்சர்: எல்லாம் அந்தக் கட்டியை முழுசா எடுக்க முடியுமாங்கறதுலதான் இருக்கு

கல்லீரல் கேன்சர்னு காதுல விழுந்ததும் நமக்கு மனசுல வர்றது குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போன ஒரு பெரிய ஆளுதான், இல்லைன்னா வருஷக்கணக்கா ஹெபடைட்டிஸ் வைரஸோட இருந்தவங்க. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அதே பேர்ல நோய் வந்திருக்குன்னு சொன்னா வீட்ல யாருக்கும் ஒண்ணும் புரியாது, புரியாததால உடனே யார் மேலயாவது பழி போடத் தோணும், பெரும்பாலும் அது அம்மா தலையிலதான் விழும், வயித்துல இருக்கறப்ப என்ன சாப்பிட்ட, என்ன மாத்திரை போட்டன்னு. அதனால முதல்லயே சொல்லிடறேன், சின்னக் குழந்தைங்களுக்கு வர்றதும் பெரியவங்களுக்கு வர்றதும் இருக்கற இடம்தான் ஒண்ணு, மத்தபடி வேற வேற நோய். வர்ற காரணம் வேற, மருந்துக்கு அடங்கற விதம் வேற, பிழைக்கற வாய்ப்பும் வேற.

சின்ன வயசுல வர்றதுல பெரும்பங்கு ஹெப்பட்டோபிளாஸ்டோமாங்கற கட்டி. கருவுல கல்லீரல் உருவாகறப்ப இருக்குமே இளம் செல்கள், அதுங்க முத்திப் பக்குவமான ஈரல் செல்லா மாறாம அப்படியே பெருகிட்டே போனா இந்தக் கட்டி. பெரும்பாலான கட்டிகள்ல பீட்டா கேட்டனின்ங்கற புரதத்தோட ஜீன்ல ஒரு பிழை இருக்கும், செல்லுக்கு "வளரு வளரு"ன்னு சொல்ற சிக்னல் ஆஃப் ஆகாம ஓடிட்டே இருக்கும். அந்தப் பிழை கட்டிக்குள்ள இருக்கற செல்கள்ல மட்டும் நடந்தது, அப்பா அம்மாகிட்ட இருந்து வந்தது இல்ல. ரொம்ப அபூர்வமான நோய்தான், 10 லட்சம் குழந்தைங்களை எடுத்துக்கிட்டா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், குழந்தைங்களுக்கு வர்ற எல்லா கேன்சர்லயும் சேர்த்து ஏறக்குறைய 1 சதவீதம். பெரும்பாலும் 3 வயசுக்குள்ளயே தெரிஞ்சிடும்.

யாருக்கு ரிஸ்க் அதிகம்னு கொஞ்சம் தெரியும். குறைமாசத்துல 1500 கிராமுக்கும் கீழ எடையோட பிறந்த குழந்தைங்க, பெக்வித் வீடமேன் சிண்ட்ரோம் இருக்கற குழந்தைங்க (நாக்கு பெருசா இருக்கும், உடம்புல ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை விட அதிகமா வளரும்), அப்புறம் குடும்பத்துல பெருங்குடல்ல நூத்துக்கணக்குல பாலிப் (உள்சுவர்ல முளைக்கற சின்னச் சதை வளர்ச்சி) வர்ற பரம்பரை நோய் இருக்கறவங்க வீட்டுக் குழந்தைங்க. பெக்வித் வீடமேன் தெரிஞ்ச குழந்தைக்கு 3 மாசத்துக்கு ஒருவாட்டி வயித்து ஸ்கேனும் ரத்த டெஸ்ட்டும் எடுத்துப் பாக்கச் சொல்றது இதுக்காகத்தான். ஆனா கட்டி வர்ற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்க இந்த லிஸ்ட்ல எதுலயும் இல்லாதவங்க, காரணம்னு சொல்ல ஒண்ணும் இருக்காது. அம்மா சாப்பிட்ட எதுவும் அங்க இல்ல.

கண்டுபிடிக்கறது எப்படின்னா, பல நேரம் வீட்ல குளிப்பாட்டறப்பதான். வயித்துல வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழ கையை வெச்சா கெட்டியா ஏதோ தட்டுப்படும், அழுத்தினாலும் குழந்தை அழாது. தொப்பை போட்டிருக்கு, நல்லா சாப்பிடறான் போலன்னு கொஞ்ச நாள் ஓடிடும். மஞ்சள் காமாலை வரும்னு நாம எதிர்பார்ப்போம், இதுல அது பெரும்பாலும் வராது, ஏன்னா கட்டி இல்லாத மிச்ச ஈரல் நல்லாவே வேலை செஞ்சிட்டிருக்கும், ஈரலுக்குன்னு எடுக்கற சாதாரண ரத்த டெஸ்ட்டும் நார்மலா வந்து ஏமாத்தும். பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் காரணமே இல்லாம எகிறி நிக்கறது உண்டு. பசி குறையறது, எடை ஏறாம நிக்கறது இதெல்லாம் கொஞ்சம் தள்ளித்தான் வரும். வலி இல்லாத வீக்கம்ங்கறதாலயே யாரும் பதறாம இருந்துடறாங்க, குழந்தை வயித்துல கெட்டியா எது தட்டுப்பட்டாலும் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துடறது நல்லது, பூச்சி மருந்து குடுத்துப் பாக்கலாம்னு நாளைக் கடத்தக் கூடாது.

ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சதும் அடுத்து கேக்கறது ஏஎஃப்பி டெஸ்ட். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன்னு பேரு, கருவுல இருக்கற ஈரல் தயாரிக்கற புரதம் அது. பிறந்தப்புறம் ஈரல் அதைத் தயாரிக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடும், ஆனா ஹெப்பட்டோபிளாஸ்டோமா செல்கள் கருவுல இருக்கற மாதிரியே தங்கிட்டதால நிறுத்தறதில்ல. பத்துல ஒம்பது குழந்தைக்கு மேல இது ஏறித்தான் இருக்கும், சும்மா கொஞ்சம் இல்ல, லட்சக்கணக்குல. 10-க்குக் கீழ இருக்க வேண்டிய இடத்துல 6 லட்சம்னு ரிப்போர்ட்ல பாத்தா யாருக்கும் தலை சுத்தும், ஆனா விவரம் என்னன்னா, இந்த நோய்ல ஏஎஃப்பி அதிகமா இருக்கறதை விட ரொம்பக் கம்மியா, 100-க்கும் கீழ இருக்கறதுதான் டாக்டர்களை அதிகமா பயமுறுத்தும். கட்டி இருந்தும் ஏஎஃப்பி இல்லைன்னா அந்தச் செல்கள் இன்னும் முதிராத, மூர்க்கமான ரகமா இருக்கலாம்னு அர்த்தம், அப்படிப்பட்ட கட்டி மருந்துக்கும் சரியா அடங்காது.

இன்னொரு சிக்கல் வயசு. பிறந்த குழந்தைக்கு ஏஎஃப்பி இயல்பாவே பல்லாயிரக்கணக்குல இருக்கும், கிட்டத்தட்ட ஒரு வயசு ஆகறதுக்குள்ளதான் பெரியவங்க அளவுக்கு இறங்கும். ரெண்டு மாசக் குழந்தையோட ரிப்போர்ட்டைப் பெரியவங்க அளவோட ஒப்பிட்டுப் பாத்து கேன்சர்னு முடிவு கட்டக் கூடாது, அந்த வயசுல ஈரல்ல வர்ற ஹீமாஞ்சியோமாங்கற கேன்சர் இல்லாத ரத்தக்குழாய்க் கட்டிகூட இதே மாதிரி தப்பா கேன்சர்னு மாட்டிக்கும். அதனாலதான் ஸ்கேன், ஏஎஃப்பி ரெண்டும் கையில இருந்தாலும் பெரும்பாலான இடங்கள்ல பயாப்ஸி, அதாவது கட்டியில ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துட்டுத்தான் கீமோ ஆரம்பிப்பாங்க. ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சப்புறம் இந்த நம்பர்தான் வீட்டுக்காரங்களுக்கு உயிர். ஏஎஃப்பி ரத்தத்துல பாதியாக 5-லருந்து 7 நாள் ஆகும், கட்டியை முழுசா எடுத்துட்டா அந்தக் கணக்குலயே பாதி, பாதியில பாதின்னு இறங்கிட்டே வரணும். நோட்டுல 6 லட்சம், 90 ஆயிரம், 4 ஆயிரம், 200-னு எழுதி வெச்சு அதையே திரும்பத் திரும்பப் பாத்துட்டிருக்கற அப்பாக்கள் நிறைய. ஆபரேஷன் முடிஞ்சு ஈரல் திரும்ப வளர்றப்ப லேசா ஒரு ஏத்தம் தெரியறதும் உண்டு, ஒரே ஒரு ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கத் தேவையில்ல, தொடர்ச்சியா எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் முக்கியம்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். இந்த நோய்ல கீமோ மட்டும் குடுத்துக் குணமாக்கறதுங்கறது கிட்டத்தட்ட கிடையாது. கட்டி ஈரல்ல இருந்து முழுசா வெளிய வந்தாகணும், அதுதான் மையம், மத்ததெல்லாம் அதுக்குப் பண்ற ஏற்பாடு. அதனால நோய் எந்த நிலையில இருக்குன்னு பிரிக்கற ஸ்டேஜிங்கே மத்த கேன்சர் மாதிரி இல்ல. ப்ரீடெக்ஸ்ட்னு ஒரு முறை, ஐரோப்பாவுல சியோபெல்ங்கற டாக்டர்கள் குழு 1990-கள்ல கொண்டு வந்தது. ஈரலை நாலு பகுதியா பிரிச்சு, ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன்ல எத்தனை பகுதி கட்டி இல்லாம சுத்தமா மிஞ்சுதுன்னு பாப்பாங்க. பக்கத்துப் பக்கத்துல மூணு பகுதி சுத்தமா இருந்தா ஒண்ணாம் நிலை, ரெண்டு இருந்தா ரெண்டு, ஒண்ணுதான் மிச்சம்னா மூணு, நாலு பகுதியிலயும் கட்டி இருந்தா நாலு. அதாவது கட்டி எவ்ளோ பெருசுங்கறதை விட சர்ஜன் வெட்டினப்புறம் குழந்தைக்கு என்ன மிஞ்சும்ங்கறதுதான் கணக்கு. எனக்கு இது ரொம்ப நேர்மையான முறையா படும். இதோட கூடவே கட்டி பெரிய ரத்தக்குழாய்களைச் சுத்திப் பிடிச்சிருக்கா, வெடிச்சிருக்கா, நுரையீரலுக்குப் போயிருக்கான்னும் பாப்பாங்க, அஞ்சுல ஒரு குழந்தைக்குக் கண்டுபிடிக்கறப்பவே நுரையீரல்ல புள்ளிகள் இருக்கும்.

1970-கள் வரைக்கும் இந்த நோய்ல மூணுல ஒரு குழந்தைதான் தப்பிச்சது. காரணம், நேரா கத்தி வைக்கற அளவுக்குச் சின்னக் கட்டியோட வர்ற குழந்தைங்க கம்மி. நிலைமையை மாத்தினது சிஸ்பிளாட்டின்ங்கற ஒரே மருந்து. அது வந்த கதையும் விசித்திரம்தான், அமெரிக்காவுல பார்னெட் ரோசன்பர்க்னு ஒரு விஞ்ஞானி மின்சாரம் பாய்ச்சினா பாக்டீரியாவுக்கு என்ன ஆகுதுன்னு பாத்திட்டிருந்தார், பாக்டீரியா பிரியாம நீளமா வளர்ந்துட்டே போச்சு, கடைசில பாத்தா மின்சாரம் காரணமில்ல, கம்பியில இருந்த பிளாட்டினம் கரைஞ்சு செல் பிரியறதை நிறுத்தியிருக்கு. அந்த ஆய்வு 1965-ல வெளிவந்துச்சு, 1978-ல மருந்தாவே அனுமதி கிடைச்சுது, பெரியவங்களோட வேற கேன்சர்களுக்கு. குழந்தைங்க ஈரல் கட்டிக்கு அதைக் குடுத்துப் பாத்தப்ப எடுக்கவே முடியாதுன்னு விட்டிருந்த கட்டிகள் சுருங்கி, ரத்தக்குழாய்களை விட்டு விலகி, சர்ஜன் கைக்கு எட்டற இடத்துக்கு வந்துச்சு.

அதுக்கப்புறம் டாக்டர்களுக்குள்ள ஒரு நீண்ட வாக்குவாதம். ஐரோப்பாக்காரங்க எல்லாருக்கும் முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன்னாங்க. அமெரிக்காக்காரங்க எடுக்க முடிஞ்ச சின்னக் கட்டியை முதல்லயே எடுத்துடுங்க, அப்பதான் கீமோ கம்மியா போதும்னாங்க, முழுக்க முழுக்க நல்ல ரகச் செல்களா இருக்கற சில கட்டிகளுக்கு ஆபரேஷன் மட்டுமே போதும், கீமோவே வேண்டாம்னும் காட்டினாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அபூர்வமான நோய்ங்கறதால எந்த நாட்டுக்கும் தனியா பதில் கண்டுபிடிக்கற அளவுக்குக் குழந்தைங்க எண்ணிக்கை கிடைக்காது, அதனால அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் குழுக்கள் 1600-க்கு மேற்பட்ட குழந்தைங்களோட பழைய விவரங்களை ஒண்ணா கொட்டி ஒரு பொதுவான ரிஸ்க் பிரிவை உண்டாக்கினாங்க, 2017-ல பிட்னு ஒரு கூட்டு ஆய்வையும் ஆரம்பிச்சாங்க.

இந்த வரலாறுல எனக்குப் பெருசா படறது 2009-ல வெளிவந்த சியோபெல் 3 ஆய்வு. அதுவரைக்கும் சிஸ்பிளாட்டினோட டாக்ஸோரூபிசினும் சேத்துதான் குடுப்பாங்க, வார்டுல சிவப்பு மருந்துன்னு சொல்லுவாங்களே அது, இதயத்தைப் பாதிக்கக்கூடியது, பாதிப்பு வருஷம் கழிச்சுக்கூடத் தலைகாட்டும். ரிஸ்க் கம்மியான குழந்தைங்களை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு சிஸ்பிளாட்டின் மட்டும், இன்னொரு பாதிக்கு ரெண்டும் குடுத்தாங்க. 3 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க சிஸ்பிளாட்டின் மட்டும் வாங்கினதுல 95 சதவீதம், ரெண்டும் வாங்கினதுல 93. கட்டியை முழுசா எடுக்க முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய அதே அளவு. ஒரு மருந்தைக் கழிச்சும் ஒண்ணும் குறையல. கேன்சர்ல புது மருந்து வந்தாதான் செய்தியாகும், இருந்த மருந்தை எடுத்துட்டதுக்கு யாரும் பெருசா பேச மாட்டாங்க, ஆனா அந்தக் குழந்தைங்களோட இதயத்துக்கு அது பெரிய விஷயம்.

நுரையீரலுக்குப் போன, நாலு பகுதியையும் பிடிச்ச கட்டிகளுக்கு எதிர்த்திசையில போனாங்க, சியோபெல் 4-ல சிஸ்பிளாட்டினை வாரக்கணக்குல நெருக்கி நெருக்கிக் குடுத்து கூட டாக்ஸோரூபிசினும் சேத்தாங்க, 3 வருஷத்துல 83 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. ரிஸ்க் அதிகமான குழந்தைங்களுக்கு முன்னாடி கனவுலகூட வராத நம்பர் அது. நுரையீரல்ல கீமோவுக்கப்புறமும் மிச்சம் நிக்கற புள்ளிகளை சர்ஜன் தனியா எடுத்துடறதும் இதுல வழக்கம், பெரியவங்க கேன்சர்ல நுரையீரலுக்குப் போச்சுன்னா கையை விரிக்கற மாதிரி இங்க விரிக்கறதில்ல.

ஆபரேஷன்ல இன்னொரு சாதகம், ஹெப்பட்டோபிளாஸ்டோமா வர்ற குழந்தையோட மிச்ச ஈரல் பொதுவா ஆரோக்கியமானது, சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கறது, கிடையாது. கால்வாசி மிஞ்சினாக்கூட சில வாரத்துல திரும்ப வளர்ந்து தேவையான அளவுக்கு வந்துடும். எடுக்கவே முடியாத இடத்துல, அதாவது நாலு பகுதியிலயும் கட்டின்னாலோ முக்கிய ரத்தக்குழாய்களை விட்டு விலகவே இல்லைன்னாலோ, முழு ஈரலையும் எடுத்துட்டு ட்ரான்ஸ்பிளான்ட். பெரியவங்க ஈரலோட இடது ஓரத்துச் சின்னத் துண்டே சின்னக் குழந்தைக்குப் போதும், அதனால அப்பாவோ அம்மாவோ குடுக்க முடியும். இங்க நேரம்தான் எல்லாம். முதல்லயே யோசிச்சு ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணினவங்க, ஒருவாட்டி வெட்டிப் பாத்து கட்டி திரும்ப வந்து வேற வழியில்லாம ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணினவங்க, ரெண்டு கூட்டத்தையும் உலக அளவுல சேத்துப் பாத்த ஒரு கணக்கு 2004-ல வந்துச்சு, முதல் கூட்டத்துல 80 சதவீதத்துக்கு மேல பிழைச்சாங்க, ரெண்டாவதுல 30 சதவீதம். அதனாலதான் மூணு, நாலாம் நிலைன்னு முதல் ஸ்கேன்ல தெரிஞ்ச உடனேயே, முதல் கீமோ ஓடிட்டிருக்கறப்பவே, ட்ரான்ஸ்பிளான்ட் டீம்கிட்ட காட்டிடணும்னு சொல்றாங்க. எப்படியாச்சும் வெட்டிப் பாத்துடலாம்னு துணியற சர்ஜனை விட, இது எனக்கு இல்ல, அங்க அனுப்பறேன்னு சொல்ற சர்ஜன்தான் அந்தக் குழந்தைக்கு நல்லது பண்றவர்.

பெரிய பிள்ளைங்களுக்கு, 10 வயசுக்கு மேல, வர்றது வேற ரகம். ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா, பெரியவங்களுக்கு வர்ற அதே நோய். இது சிஸ்பிளாட்டினுக்குச் சரியா அடங்காது, அடங்காததால சுருங்காது, சுருங்காததால எடுக்க முடியாது, சியோபெல்லோட முதல் ஆய்வுல 5 வருஷம் தாண்டினவங்க 28 சதவீதம்தான். ஆனா இதுல ஒரு பங்கை வராமயே தடுக்க முடியும். தைவான்ல 1984-ல பிறக்கற குழந்தைங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க, 6-லருந்து 14 வயசுப் பிள்ளைங்கள்ல கல்லீரல் கேன்சர் லட்சத்துக்கு 0.70-ல இருந்து பத்து வருஷம் கழிச்சு 0.36-க்கு வந்துச்சு, பாதி. ஒரு கேன்சரைத் தடுப்பூசி குறைச்சுதுன்னு உலகத்துக்குத் தெரிய வந்ததே இந்தப் பிள்ளைங்களை வெச்சுத்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள போடற அந்த ஊசியைக் குழந்தைக்கு லேசா காய்ச்சல் வரும்னு தள்ளிப்போடறவங்களைப் பாத்தா எரிச்சலா வரும். டைரோசினீமியாங்கற பரம்பரை நோய் இருக்கற குழந்தைங்களுக்கும் இந்த ரிஸ்க் அதிகம், நிட்டிசினோன் மருந்தைப் பிறந்த உடனே ஆரம்பிச்சா அதுவும் வெகுவா குறையும். ஃபைப்ரோலமெல்லார்னு இன்னொரு ரகம் எந்த ஈரல் நோயும் இல்லாத வாலிபப் பசங்களுக்கு வரும், அதுக்குப் பின்னாடி ரெண்டு ஜீன் ஒட்டிக்கிட்டு ஒண்ணாகறதை 2014-லதான் கண்டுபிடிச்சாங்க.

கடைசியா காது. சிஸ்பிளாட்டின் கிட்னியைப் பாதிக்கும், ரத்தத்துல மெக்னீசியத்தைக் குறைக்கும், அதுக்கெல்லாம் குளுக்கோஸ் ஏத்தி, மெக்னீசியம் குடுத்துச் சமாளிக்கலாம். உள்காதுல இருக்கற முடி செல்களைக் கொன்னா அது திரும்ப முளைக்காது. முதல்ல போறது கீச்சு சத்தம், அதாவது உயர்ந்த அலைவரிசை. குழந்தை கூப்பிட்டா திரும்பும், கதவு சாத்தினா திரும்பும், வீட்ல எல்லாரும் காது நல்லாதான் கேக்குதுன்னு நினைப்பாங்க, ஆனா ஸ, ஷ, ஃப மாதிரி ஒலிகள் காதுக்குள்ள போகவே போகாது, பேச்சு வர்ற வயசுல வார்த்தைங்க பாதி பாதியாதான் காதுல விழும், பேச்சு தள்ளிப்போகும், பள்ளிக்கூடத்துல பின் பெஞ்சுல உக்காந்தா டீச்சர் சொல்றது புரியாது. சோடியம் தயோசல்ஃபேட்ங்கற பழைய மருந்தை, சிஸ்பிளாட்டின் ஏத்தி முடிச்ச 6 மணி நேரம் கழிச்சு 15 நிமிஷத்துல ஏத்தினா என்ன ஆகும்னு சியோபெல் 6-ல பாத்தாங்க. 2018-ல முடிவு வந்துச்சு, அது குடுக்காதவங்கள்ல 63 சதவீதம் பேருக்குக் காது பாதிப்பு, குடுத்தவங்கள்ல 33, பிழைக்கற விகிதம் கொஞ்சமும் குறையல. அந்த 6 மணி நேர இடைவெளிதான் சூட்சுமம், சீக்கிரம் குடுத்தா கட்டியையும் சேத்துக் காப்பாத்திடும். 2022-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

ஆனா அந்த அனுமதி, வேற இடத்துக்குப் பரவாத கட்டிக்கு மட்டும்தான். வேற வேற கட்டிகளோட வந்த பிள்ளைங்களைச் சேத்துப் பண்ணின இன்னொரு ஆய்வுல, நோய் பரவியிருந்தவங்கள்ல இந்த மருந்து வாங்கினவங்க பிழைச்ச விகிதம் குறைவா தெரிஞ்சுது, அதனால அந்தப் பக்கம் போக டாக்டர்கள் தயங்கறாங்க. அதாவது நுரையீரல் வரைக்கும் போய், இருக்கறதுலயே அதிகமா சிஸ்பிளாட்டின் வாங்கற குழந்தைக்குத்தான் காதைக் காப்பாத்த இன்னைக்கு ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு இப்ப பண்ண முடியறது, கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆடியோமெட்ரி (காது எவ்ளோ கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட்), ஒவ்வொரு ரவுண்டுக்கு நடுவுலயும் ஒண்ணு, முடிஞ்சப்புறமும் வருஷக்கணக்கா தொடர்ந்து, குறையுதுன்னு தெரிஞ்ச உடனே காது மெஷின், கூடவே ஸ்பீச் தெரபி. ஏஎஃப்பி ரிப்போர்ட் வாங்கப் போற அதே நாள்ல காது டெஸ்ட்டுக்கும் எழுதிக் குடுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, கேக்கலைன்னா பல இடத்துல அது விட்டுப்போயிடுது.